மச்சானோடு நடந்து வந்த கிடா

என் மச்சானோடு சந்தைக்குப் போவதைப் போன்ற வம்பு வேறு கிடையாது. அரியலூர்ச் சந்தைக்குக் கோழிகளைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தூக்கி வருகிறவர்கள் எப்போதும் உண்டு. அதை நாம் யாரும் பார்ப்பதில்லை. கண்ணில் பட்டாலும் பார்ப்பதில்லை. மச்சான் பார்த்துவிடுவார். பார்த்ததும் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெண் கேட்க வந்தவர் மாதிரி அந்த ஆளின் முன்னால் போய்ப் பணிவாக நிற்பார்.

"அண்ணே, குழம்புக்குத்தானே? நல்லா வையுங்க. மிளகு கொஞ்சம் தூக்கலாப் போடச் சொல்லுங்க வூட்டுல. அதுவரைக்கும் அதுக்குத் தலை மேல இருக்கட்டுமே. நம்மளத் தொங்கவிட்டா கண்ணு இருட்டிக்கிட்டு வரும்ல?"

சிலர் சிரித்துக்கொண்டே கோழியைத் திருப்பிப் பிடிப்பார்கள். சிலர் முறைப்பார்கள். ஒரு தடவை கோழி வியாபாரி ஒருவர் நன்றாகவே எகிறிவிட்டார். "நீ என்ன பெரிய சாமியாரா? கறி திங்கறவன்லாம் பாவின்னு சொல்ல வந்துட்டியா?" என்றார்.

"யாருங்க அப்படிச் சொன்னது?" என்று மச்சான் பதறிப்போய் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "இவரு என் தங்கச்சி வூட்டுக்காரரு. ஒரு கோழியைத் தனி ஆளாத் திம்பாரு. எலும்பைக்கூட விட மாட்டாரு. இவரைவிட நல்ல மனுசன் இந்தச் சந்தையில இருக்காரா, சொல்லுங்க?"

சந்தையே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வியாபாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மச்சான் நாங்கள் கத்தரிக்காய் வாங்கக் கொண்டுபோயிருந்த கூடையை அவரிடம் கொடுத்துக் கோழிகளை அதில் உட்கார வைத்துவிட்டு வந்தார். கத்தரிக்காயை நான் வேட்டி மடியில் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். அடுத்த முறை அந்த வியாபாரி தூரத்திலிருந்தே எங்களைக் கூப்பிட்டு, "கூடையிலதாங்க வச்சிருக்கேன், வந்து பாருங்க" என்று காட்டினார். மச்சான் போய்ப் பார்த்துவிட்டு, சம்பந்தி வீட்டில் பந்தி நன்றாக இருந்தது என்று சொல்வது போலத் திருப்தியாகத் தலையசைத்தார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். குன்னத்துக்குப் பக்கத்தில் பருத்தியும் வெங்காயமும் போட்டு, மழையை நம்பிப் பிழைத்த குடும்பம். நாங்கள் கீழப்பழுவூர்ப் பக்கம். இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. கரி போட்டு ஓட்டிய பஸ் ஒன்று நினைத்தால் வரும், நினைத்தால் நின்றுவிடும். அதனால் எங்கே போவதென்றாலும் மாட்டு வண்டிதான், இல்லாவிட்டால் நடைதான்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்குப் போனபோதுதான் அவரை நான் சரியாகக் கவனித்தேன். என் இலையில் கறியை மலையாகக் குவித்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நீங்க திங்கலையா மச்சான்?" என்று கேட்டேன்.

"பல்லு இடுக்குல மாட்டிக்குது மாப்ளே. அப்புறம் நாள் பூரா குச்சியை வச்சுக்கிட்டு குத்திக்கிட்டே இருக்கணும். உங்களுக்கு நல்ல பல்லு, அடிங்க."

நானும் நம்பிவிட்டேன். அடுத்த பொங்கலுக்கு வந்தவர் கரும்பைக் கணுவோடு கடித்துத் துப்பியதைப் பார்த்த பிறகுதான் பல்லில் குறையொன்றும் இல்லை என்று தெரிந்தது. எங்கள் அப்பாவிடம் அவர் சொல்லியிருந்த காரணம் வேறு: வைத்தியர் ஆகாது என்றுவிட்டாராம். எங்கள் குலதெய்வமான கருப்பசாமி கோயில் பூசாரியிடம், ஏதோ வேண்டுதல் என்று சொல்லியிருந்தார். என் மனைவியைக் கேட்டேன். "எனக்கும் தெரியாதுங்க. சின்னப் புள்ளையிலேருந்தே அண்ணன் அப்படித்தான். எங்கம்மாகிட்ட வயித்து வலின்னு சொல்லும்" என்றாள். பொய் சொல்லத் தெரியாத மனிதர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆளுக்கொரு பொய் வைத்திருந்தார்.

இன்னொரு பொய் வண்டிப் பயணத்துக்கானது. மேடு ஒன்று வந்தால் போதும், மச்சான் தொப்பென்று குதித்துவிடுவார். "கால் மரத்துப் போச்சு மாப்ளே. கொஞ்சம் நடந்து வரேன்" என்பார். மேடு முடிந்ததும் கால் சரியாகிவிடும். அடுத்த மேட்டில் மறுபடி மரத்துப்போகும். அவர் நடக்கும்போது நாம் மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பது? நானும் இறங்குவேன், என் மனைவியும் இறங்குவாள். இறங்காதவர் எங்கள் அப்பா ஒருவர்தான். அப்பா நல்ல கனம். வண்டியின் பின்பக்கம் அவர் ஏறி உட்கார்ந்தால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். ஒரு முறை ஏறிவிட்டால் போகிற ஊரில்தான் இறங்குவார். "மாடு எதுக்கு இருக்கு? நாம நடந்து போறதுக்கா?" என்று கேட்பார்.

அப்பாவுக்கும் மச்சானுக்கும் வாய்ச்சண்டை எதுவும் வந்ததில்லை. ஆனால் தார்க்குச்சி விஷயமாக ஒரு மௌனப் போர் நடந்துகொண்டிருந்தது. மாட்டைக் குத்தி ஓட்டுகிற அந்தக் குச்சியின் நுனியில் சின்ன ஆணி இருக்கும். மச்சான் வந்து போனால் அந்த ஆணி காணாமல் போய்விடும். அப்பா ஒன்றும் கேட்காமல் வேறு ஆணி அடிப்பார். மச்சான் மறுபடி வருவார், ஆணி மறுபடி போய்விடும். எடுத்தேன் என்று அவரும் சொன்னதில்லை, எடுத்தாயா என்று இவரும் கேட்டதில்லை. அப்பா மட்டும் சாப்பிடும்போது என்னிடம், "உன் மச்சான் எங்க வூட்டு ஆணியெல்லாம் கொண்டுபோயி கப்பல் கட்டறாரா?" என்பார்.

இப்படிச் சிரிப்பும் சில்லறைக் குத்தலுமாகப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் பையனுக்குக் காது குத்த வேண்டி வந்தது. அங்கேதான் வினை.

எங்கள் வழக்கப்படி, காது குத்துக்குத் தாய்மாமன்தான் சீர் கொண்டு வர வேண்டும். பழம், வெல்லம், துணி, கடுக்கன் எல்லாவற்றோடும் ஒரு கிடாவும் வர வேண்டும். பிள்ளைக்கு மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தி, அந்தக் கிடாவைக் கருப்பசாமிக்கு வெட்டி, இரண்டு பக்கத்துச் சனமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கிடா கொண்டு வராத தாய்மாமன் உறவை முறித்துக்கொண்டவன் என்று பொருள்.

அப்பா என் மனைவியைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார். "உங்கண்ணனுக்கு ஆயிரம் கொள்கை இருக்கட்டும்மா. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஆனா கிடா வரலைன்னா, அப்புறம் நீ அந்த வூட்டுப் படி மிதிக்கக் கூடாது. அவங்களும் இங்க வரக் கூடாது."

அவள் உள்ளே போய் அரிசியில் கல் பொறுக்குகிற சாக்கில் அழுதாள். அண்ணனிடம் போய்க் கிடா கொண்டு வா என்று எந்த வாயால் கேட்பது? கொண்டு வராவிட்டால் பிறந்த வீட்டையே மறந்துவிட வேண்டும். நான் எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். ரகசியமாக நானே ஒரு கிடா வாங்கி, மச்சான் கொடுத்தனுப்பியது என்று நிறுத்திவிடுகிறேன் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எங்கண்ணன் கொண்டாராததைக் கொண்டாந்துச்சுன்னு சொல்லிக்கிட்டு நான் காலம் பூரா நிக்கணுமா? ஒண்ணும் வேணாம். நீங்க போயி முறையா அழைச்சுட்டு வாங்க" என்றாள்.

போய் அழைத்தேன். வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டவர், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "கிடாதானே மாப்ளே? தாய்மாமன் நான் எதுக்கு இருக்கேன்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. ஊருக்குத் திரும்பி அவளிடம் சொன்னபோது அவளும் நம்பவில்லை.

காது குத்து அன்று காலையில் எங்கள் சனமெல்லாம் கருப்பசாமி கோயில் புளியமரத்தடியில் கூடிவிட்டது. கல் அடுப்புகள் மூட்டியாகிவிட்டது, மசாலா அரைத்தாகிவிட்டது. குன்னத்திலிருந்து சீர் வண்டி வந்தது. பழம் இறங்கியது, வெல்லம் இறங்கியது, துணிமணி இறங்கியது, மச்சானின் மனைவி இறங்கினார். கிடா இறங்கவில்லை. மச்சானும் இறங்கவில்லை.

"எங்கம்மா தாய்மாமன்?" என்று அப்பா கேட்டார். குரல் தணிவாக இருந்தது. அப்பாவுக்கு உண்மையில் கோபம் வந்தால் அப்படித்தான் தணிவாகப் பேசுவார்.

"அவரு நேத்தே கிளம்பிட்டாருங்களே மாமா. கிடாவை ஓட்டிக்கிட்டு நடந்து வரேன்னாரு" என்றார் அந்த அம்மாள்.

"நடந்தா? இவ்வளவு பெரிய வண்டியை வச்சுக்கிட்டா?"

"வண்டியில காலைக் கட்டிப் போட்டா குலுங்கிக் குலுங்கி அதுக்கு விலா நோவும்னாருங்க."

என் மனைவி மொட்டை போட்ட பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி நின்றாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. காது குத்த வந்த ஆசாரி ஊசியைத் துடைப்பதும் வைப்பதுமாக இருந்தார். நானும் உள்ளுக்குள் மச்சானைத் திட்டித் தீர்த்துவிட்டேன். ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு, எல்லாரையும் போல இருந்து தொலைத்தால் என்ன?

அப்போதுதான் ரோட்டுத் திருப்பத்தில் தெரிந்தார்கள். முன்னால் கிடா. பின்னால், கையில் ஆலந்தழையோடு மச்சான். மூக்கிலிருந்து வால்வரை கறுத்த, கொம்பு வளைந்த, எங்கள் பக்கம் பார்க்கக் கிடைக்காத கிடா. கழுத்துக் கயிறு அதன் முதுகில் சும்மா கிடந்தது. யாரும் இழுக்காமல், கல்யாணத்துக்கு வருகிற பெரிய மனிதர் மாதிரி அதுவே நடந்து வந்தது.

"கோவிச்சுக்காதீங்க மாமா. வழியில கொஞ்சம் கண்ணசந்துட்டேன்" என்றார் மச்சான். கண்ணசந்தது யார் என்பது எனக்குத் தெரியும். என் மனைவி பையனைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நான் திட்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

காது குத்தி முடிந்தது. பையன் ஊரைக் கூட்டினான். அவனைவிட மச்சானின் கண்தான் அதிகமாகக் கலங்கியது. பிறகு கிடாவுக்கு மாலை போட்டு, சாமி முன்னால் நிறுத்தி, பூசாரி அதன் முதுகில் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். தண்ணீர் பட்டதும் கிடா உடம்பைச் சிலிர்த்துத் தலையை ஆட்ட வேண்டும். ஆட்டினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். உத்தரவு இல்லாமல் வெட்டக் கூடாது.

கிடா ஆட்டவில்லை. கழுத்து மாலையிலிருந்த சம்பங்கியை ஒவ்வொன்றாக இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. பூசாரி இன்னொரு கை தெளித்தார். அது மாலையைத் தின்று முடித்தது. உடனே பூசாரி, எல்லாப் பூசாரிகளும் செய்வதுபோல, செம்பைச் சாய்த்து அதன் காதுக்குள் தண்ணீரை ஊற்றப் போனார்.

"பூசாரி ஐயா, ஒரு வார்த்தை" என்று மச்சான் துண்டைக் கக்கத்தில் இடுக்கினார். அந்தத் துண்டு கக்கத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

"தண்ணி தெளிக்கிறது எதுக்குங்க?"

"உத்தரவு கேக்கத்தான். தெரியாதா உங்களுக்கு?"

"கேட்டாச்சுங்களே. பதில் வரட்டும். காதுல ஊத்தினா யாரா இருந்தாலும் தலையை ஆட்டத்தான் செய்வாங்க. இப்ப உங்க காதுல ஊத்தினா நீங்களும் ஆட்டுவீங்க."

பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு கிளம்பியது. அப்பா முன்னால் வந்தார். "என்ன தம்பி, வெட்டக் கூடாதுங்கறியா?"

"ஐயோ மாமா, வெட்டக் கூடாதுன்னா குன்னத்துலயே விட்டுட்டு வந்திருப்பேன்ல? என் மருமவனுக்கு நான் கொண்டாந்த கிடா இது. தாராளமா வெட்டுங்க. கேட்டுட்டு வெட்டுங்கன்னுதான் சொல்றேன். கட்டாம, இழுக்காம இவ்வளவு தூரம் என்னை நம்பி நடந்து வந்துச்சு. கடைசில ஏமாத்தித் தலையாட்ட வைக்க வேணாம்."

பூசாரி செம்பும் கையுமாக நின்றார். மறுக்க வழியில்லை. சாமியின் உத்தரவுக்காகக் காத்திருக்க மாட்டேன் என்று எந்தப் பூசாரி சொல்வார்? ஆகவே காத்திருந்தோம்.

அப்படி ஒரு காத்திருப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இரண்டு பக்கத்துச் சனமும் குந்தியபடி ஒரு கிடாவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறியது. அடுப்பில் வெந்நீர் கொதித்து வற்ற, மேலே ஊற்றினார்கள். அதுவும் கொதித்தது. அரைத்த மசாலா வாசனை மூக்கைத் துளைத்தது. பசியில் எனக்குக் காது அடைத்தது. கிடாவோ நிழலாகப் பார்த்துப் படுத்து அசைபோட ஆரம்பித்தது.

ஒரு ஈ வந்து அதன் காதில் உட்கார்ந்தது. கிடா சட்டென்று தலையை உதறியது.

"ஆட்டிடுச்சு, ஆட்டிடுச்சு" என்று சனமே எழுந்துவிட்டது. அரிவாள்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கப்பா" என்று ஒரு குரல் வந்தது. அப்பாவின் குரல். "அது ஈக்கு ஆட்டினது. சாமிக்கு ஆட்டினது இல்ல. என் பேரனுக்கு ஈ குடுத்த உத்தரவு வேணாம்."

மச்சான் தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தார். அப்பா அவரைப் பார்க்காமல் கிடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பசி தாங்காது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வெயில் சாய்கிற நேரத்தில் கிடா தானாக எழுந்தது. பூசாரி பக்கத்தில் போய் மெதுவாக ஒரு கை மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். கொம்பிலிருந்து வால்வரை ஒரு சிலிர்ப்பு ஓட, கிடா தலையை ஆட்டியது. சந்தேகமே இல்லாத ஆட்டல். ஆனால் யாரும் சத்தம் போடவில்லை. எல்லோரும் மச்சானைத்தான் பார்த்தோம்.

அவர் எழுந்து போனார். மிச்சமிருந்த ஆலந்தழையை அதற்குக் கொடுத்தார். முதுகைத் தடவினார். "சொல்லிடுச்சுங்க" என்றார். அரிவாள்காரரிடம், "நல்லாத் தீட்டியிருக்கீங்களா? ஒரே வெட்டா இருக்கணும்" என்று கேட்டுக்கொண்டு, பையனைத் தூக்கிக்கொண்டு, மைனா காட்டுகிறேன் என்று கோயிலுக்குப் பின்பக்கம் போய்விட்டார்.

பந்தி தொடங்கியபோது திரும்பி வந்து, தாய்மாமன் முறைக்கு அவரே கறி வாளியைத் தூக்கிக்கொண்டார். முகம் கழுவியிருந்தார். கண் மட்டும் சிவந்திருந்தது. ஒவ்வொரு இலையாகக் கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். "இன்னும் ரெண்டு துண்டு வச்சுக்குங்க மாமா, காலையிலேருந்து பட்டினி" என்று அப்பாவின் இலையில் குனிந்தார்.

அப்பா சோற்றை உருட்டிய கையை அப்படியே நிறுத்தினார். "உண்மையைச் சொல்லு தம்பி. நாங்க திங்கறது உனக்குத் தப்பாத் தெரியுதா?"

"சேச்சே. எனக்குப் பல்லு இடுக்குல மாட்டிக்குதுங்க மாமா, அதான்."

"எங்கிட்ட வைத்தியர் ஆகாதுன்னாருன்னுல்ல சொன்ன?"

"எங்கிட்ட வேண்டுதல்னு சொன்னாருங்களே" என்றார் பக்கத்து இலையிலிருந்த பூசாரி.

"எங்கம்மாகிட்ட வயித்து வலி" என்று என் மனைவி பெண்கள் பக்கமிருந்து சொன்னாள். பந்தியே சிரித்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட மச்சான் கறி வாளியோடு நின்றார். அவரும் சிரித்தார்.

"மனசு வரல மாமா. அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல. அதை உங்க இலைக்கு முன்னாடி நின்னு சொன்னா உங்க கை நின்னுடும். பசிச்சு உக்காந்தவங்க கை பாதியில நிக்கக் கூடாது பாருங்க, அதுக்குத்தான்."

அப்பா உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, "குழம்பு ஊத்து" என்றார்.

நான் அன்று வயிறு முட்டத் தின்றேன். இன்றுவரை தின்கிறேன். ஆனால் கோழி வாங்கினால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் வருவேன். பார்க்கிறவர்கள், பிள்ளையைத் தூக்கி வருவது போல வருகிறானே என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மறுநாள் காலையில் மச்சான் குடும்பத்தை அரியலூர் வரைக்கும் வழியனுப்ப நாங்களும் எங்கள் வண்டியைப் பூட்டினோம். அப்பாவும் வருவேன் என்று ஏறிக்கொண்டார், நுகத்தடி மேலே தூக்கியது. மச்சானும் நானும் எங்கள் வண்டியில் ஏறினோம். தார்க்குச்சியில் ஆணி இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

ஓடையைத் தாண்டியதும் ஒரு மேடு வரும். மச்சான் வழக்கம்போலத் துண்டைச் சரிசெய்துகொண்டு இறங்கத் தயாரானார். அதற்குள் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. திரும்பிப் பார்த்தேன். அப்பா இரண்டு கைகளாலும் வண்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவாங்கியபடி, காலால் தரையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா ஆச்சு?" என்றேன்.

அப்பா இறங்கி நின்று வேட்டியை உதறிக் கட்டினார். எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

"கால் மரத்துப் போச்சு" என்றார்.